அப்பாவுக்காக நான் எழுதிய மன்னிப்பு

அக்கா நீதிபதியானதிலிருந்து அவளுடைய இளமையையும் படிப்பையும் பற்றி எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேக்காட்டில் ஒற்றை அறை வீடு, ஆவடியிலிருந்து மின்ரயிலில் நின்றபடியே படித்த சட்டம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எல்லாம் உண்மைதான். கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதியதில்லை.

அப்பா மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினுக்கு அச்சு மாட்டுபவர். அந்த மிஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டுமென்று, ஒரு பொத்தானை டேப் போட்டு அழுத்தியே வைத்திருப்பார்கள். போர்மேனே சொல்லித்தான் போடுவார்கள். ஒருநாள் மிஷின் ஒரு தொழிலாளியின் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. டேப் ஒட்டியது அப்பா என்று, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒட்டியது அவரல்ல. அவர் சாப்பிடப் போயிருந்தார்.

அக்கா அப்போது சட்டம் நான்காம் வருடம். வழக்காடும் போட்டிக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு போனில் அழைத்துச் சொன்னாள்: "எதையும் எழுதிக் குடுக்காதீங்க. டைம் வேணும்னு மட்டும் ரெண்டு வரி. ஞாயித்துக்கெழம நான் வந்துடுறேன்."

அன்று சாயங்காலமே அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அண்ணாத்தே, நம்ம கம்பெனி வயக்கம் தெரியாதா? மன்னிப்பு கேட்டு எய்திக் குட்த்தா நாலு நாள் வெளிய நிக்க வெப்பான், அப்பால உள்ள வுட்டுருவான். சட்டம் பேசுனா காண்டாயிடுவான். உன் பொண்ணு முதல்ல பாஸ் பண்ணட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மலரில்கூட என் கவிதையைப் போட மறுத்திருந்தார்கள். வார்த்தைகள் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்த வயது.

"படிக்கிறவன் மன்சு உருகணும். அப்டி எய்து," என்றார் அப்பா.

எழுதினேன். இரண்டு பக்கம். நான்கு முறை கிழித்துப் போட்டு எழுதினேன். 'இந்தக் கைகள்தாம் பொத்தானைக் கட்டின, இந்தக் கைகள்தாம் அந்த விரல்களைத் தின்றன' என்று ஒரு வரி வந்து விழுந்தபோது உடம்பு சிலிர்த்தது. அது பொய் என்று தெரியும். ஆனால் அந்த வரியை விட மனமில்லை. வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பையைக்கூட இறக்காமல் நின்றபடியே நகலைப் படித்தாள். "அப்பா செய்யாததையும் செஞ்சதா எழுதியிருக்கியேடா," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

விசாரணையில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடிதமே போதுமென்று முடித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருட வேலை போயிற்று. அப்பா அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். அக்கா அதற்கப்புறம் தொழிலாளர் சட்டத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றுகொண்டேதான் வருவாள்.

வக்கீலாகப் பதிவு செய்தபின் அப்பாவின் வழக்கை அவளே நடத்தினாள். தொழிலாளர் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் நானும் அப்பாவும். கம்பெனி வக்கீல் என் கடிதத்தை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நல்ல குரல் அவருக்கு. அப்பா முழங்கையால் என்னை இடித்தார். "இன்னா ஜோரா கீது பாரு உன் எய்த்து," என்று காதோரம் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது.

அக்கா எழுந்தாள். அந்தக் கடிதம் அப்பாவின் வார்த்தையே இல்லை, நடந்தது ஒன்றும் தெரியாத ஒருவர் அலங்காரத்துக்காக எழுதியது, ஒரு வரிகூட நம்பத்தக்கதல்ல என்று நிதானமாக, வரி வரியாக எடுத்துச் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவின் முகம் வாடியது. என் முழங்காலில் கையை வைத்தார்.

"கேசுக்கோசரம் பேசுது. நீ மன்சுல வெச்சிக்காத."

தீர்ப்பில் என் வரிகள் இரண்டு அப்படியே இருந்தன. அப்பா கேட் வேலைக்கே திரும்பினார்.