ரோஸ் கொக்கு மோசஸ்

"ஏசிய வூட்டுக்குப் போயி போட்டுக்கலாம்மா. இப்ப காத்த உள்ள வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே மோசஸ் நான்கு கண்ணாடிகளையும் தன் பக்கத்துப் பொத்தானால் இறக்கிவிடுகிறார். மாமல்லபுரம் தாண்டி, சவுக்குத் தோப்புகளின் இடுக்கில் கடல் தலைகாட்டும் இடம் அது. எந்தச் சவாரியானாலும் இங்கே கண்ணாடி இறங்கியாக வேண்டும். முடி கலைகிறது என்று முணுமுணுப்பவர்களை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

செங்கல்பட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்குள் அவருக்கு 'ரோஸ் கொக்கு' என்று பெயர். சவாரி வருகிறவர்களுக்குக் காட்டும் பூநாரையை அவர் அப்படித்தான் சொல்வார். விடிந்ததும் கொளவாய் ஏரிக்கரையில் ஒரு டீ. திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில், குரங்குகளுக்குத் தெரியாமல், காருக்குள்ளேயே இட்லி. அப்புறம் மாமல்லபுரம், பாலாற்றுப் பாலம், முதலியார்குப்பத்து உப்பங்கழி, செய்யூர் வழியாகத் திரும்பல். இந்தச் சுற்றை மாற்றச் சொன்னால் முகம் சுண்டிவிடும். சீக்கிரம் போங்கள் என்றால், "அவசரம்னா பஸ்ஸு கீதே" என்பார். கடற்கரைச் சாலையில் பனங்கிழங்கு விற்கும் காசியம்மாளிடம் நிற்காமல் அவர் போனதாகச் சரித்திரமே இல்லை. கிழங்கை உரித்துப் பிளந்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, அவர்கள் நாரோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை கார்மீது சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷமாக அந்த வானம் அவருக்குப் பனியாகத்தான் தெரிகிறது. கொளவாய் ஏரியில் சூரியன் ஓரங்கள் கரைந்து, முன்னைவிடப் பெரிதாக எழுகிறது. குன்றுகள் தரையைத் தொடாமல் மிதக்கின்றன. எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வண்ண வளையம் சுழல்கிறது. உண்மையைச் சொன்னால், மோசஸுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. உலகம் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிட்டது போல. "இந்த வருசம் பனி ஜாஸ்தி" என்று உச்சி வெயிலில் நின்றுகொண்டும் சொல்வார்.

மனைவி மேரிதான் ஒருநாள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "இன்னாய்யா, வூட்டுக்குள்ளயுமா பனி பெய்யுது? கண்ணுல பொர வுழுந்துகீது. போயி ஆபரேசன் பண்ணிக்க."

"குருவி சீசன் முடியட்டும், பாக்கலாம்."

சீசன் என்பது வெறும் சாக்கு. கத்தி பட்டு உள்ளதும் போய்விட்டால் வண்டியை விட வேண்டியிருக்குமே, அதுதான் பயம். பாதி ஆயுசை ஸ்டியரிங்கிலேயே கழித்த கைக்கு வேறு என்ன தெரியும்? வண்டி இல்லாத மோசஸை அவருக்கே அடையாளம் தெரியாது. இந்தப் பயத்தை அவர் மேரியிடம்கூடச் சொன்னதில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கருங்குழியிலிருந்து அன்பரசியும் அவள் கணவன் ஜெகதீசனும் சவாரி வந்தார்கள். அன்பரசி தினமும் தானே கார் ஓட்டி வேலைக்குப் போகிறவள். ஒருநாளாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாமே என்றுதான் மோசஸைக் கூப்பிட்டிருந்தாள். ஆனாலும் பாலாற்றுப் பாலத்தில் சாலை காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது.

"அண்ணா, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?"

"பொண்டாட்டி கேட்டாலே குடுக்க மாட்டேன்மா. நீ குருவி பாரு."

முதலியார்குப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். சாயங்கால வெயில் உப்பங்கழி முழுக்கப் பரவியிருந்தது. மோசஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோ பாரும்மா, தண்ணி நடுவுல. நூறு நூத்தம்பது ரோஸ் கொக்கு. பேசாதீங்க, பறந்துடும்."

அன்பரசி பார்த்தாள். மீன்வலை ஒன்று வளைவாக விரிந்து கிடந்தது. அதில் மிதவையாகக் கட்டியிருந்த தெர்மாகோல் துண்டுகள் வெயிலில் இளஞ்சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தன. ஜெகதீசன் வாயைத் திறந்தான். அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள். மோசஸின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"ரொம்ப அழகா கீதுண்ணா" என்றாள்.

அப்போது ஒரு படகு வந்தது. அதிலிருந்தவர் குனிந்து வலையை இழுக்க ஆரம்பித்தார். நூற்றைம்பது கொக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படகில் ஏறின.

மோசஸ் கடைசிக் கொக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னாம்மா?"

"வலைல கட்டுற தெர்மாகோல்ணா."

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீங்க அவ்ளோ ஆசையா காட்னீங்க. சொல்ல மனசு வரல."

அவருக்குக் கோபம் வரவில்லை. காலையில் திருக்கழுக்குன்றத்துத் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனார். 'காலங்காத்தால பேஜாரு' என்று மோசஸ் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். அந்த மனிதரைக் கண்ணால் பார்க்கவே இல்லை, குரலைத்தான் கேட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது. ஐயோ, அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

பிறகு கார்ச் சாவியைச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"எங்க வூடு வரிக்கும் நீயே ஓட்டும்மா."

அன்பரசி வாங்கிக்கொண்டாள். அவர் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து சீட்டு பெல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவினார். பின்னாலிருந்து ஜெகதீசன் எடுத்துக் கொடுத்தான். வண்டி கிளம்பியதும் மேரிக்குப் போன் போட்டார். "அந்த கண்ணாஸ்பத்திரில எப்ப வரணும்னு கேட்டு வையி. ஆமா. பனி இல்ல, நீ சொன்னதுதான்." அந்தப் பக்கம் மேரியின் விசும்பல் கேட்டது. "அழுவாத, வந்துகினே கீறேன்" என்று வைத்துவிட்டார்.

செய்யூர்ச் சாலையில் காற்று சேற்று வாசனையோடு உள்ளே வந்தது. வயல்கள் பச்சை மூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தன.

"அண்ணா, உங்க பக்கம் வயல்ல நாலஞ்சு நாரை. மஞ்ச மூக்கு, வாலாண்ட ரோஸ்."

"நெசமாவே கீதா, இல்ல என் மொகத்த பாத்துச் சொல்றியா?"

"நெசமாத்தாண்ணா. ஒண்ணு நடந்துகினு கீது பாருங்க."

மோசஸ் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருடைய வலது கால், தரைவிரிப்பில் பிரேக் இல்லாத இடத்தை மெல்ல அழுத்தியது. அதைப் பார்த்த அன்பரசி வண்டியை நிறுத்தினாள்.