ஏவிஸ் எழுந்து வெளியே போனாள்

ஏவிஸ் தர்லோ ஊர்மன்ற உறுப்பினர் ஆனது வேறு யாரும் நிற்க முன்வராததால்தான். அதற்குமுன் பக்கத்து ஊர் விடுதியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் வாய் திறப்பது அபூர்வம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் புல் வளர்ந்தாலும், பனிக்காலத்தில் ஏற்றத்துச் சாலை வழுக்கினாலும், ஊர்க்காரர்கள் அவளைத்தான் கடை வாசலில் நிறுத்திச் சொல்வார்கள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு கவலை, வியாழக்கிழமை பஸ். நகரத்து முதியோர் இல்லத்தில் அவள் தங்கை நெட்டா பக்கவாதம் வந்து கிடந்தாள். மற்ற நாட்களில் குழாய் வழியாகத்தான் உணவு; வியாழக்கிழமை ஏவிஸ் வந்து ஊட்டினால்தான் வாய் திறப்பாள். மாவட்டம் அந்த பஸ்ஸுக்குப் பணம் தர முடியாதென்று கைவிரித்துவிட்டது. ஊர்மன்றம் பொறுப்பேற்றால் ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும்.

பஸ்ஸைப் பற்றி ஓட்டெடுக்கும் கூட்டம் தொடங்கியதும் கிளார்க் பெரில் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இன்னைக்குப் பேசப்போற விஷயத்துல யாருக்காவது சொந்த ஆதாயம் இருக்கா? இருந்தா ஓட்டுப் போடாம வெளிய போயிடணும்."

அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொன்னதில்லை. ஏவிஸ் கையைத் தூக்கினாள்.

"எனக்கு இருக்கு. அந்த பஸ்ல வாராவாரம் போறவ நான்தான்."

"அந்த பஸ்ல போனா இடுப்புவலிதான் ஆதாயம்," என்றார் தலைவர் ரட்கின். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "இருந்தாலும் ஏவிஸ், உன் மனசுக்கு எது சரின்னு படுதோ செய். நாங்க தடுக்க மாட்டோம்."

கிரிக்கெட் மைதானத்துக்குப் புல்வெட்டும் இயந்திரம் வாங்கியபோது, கிரிக்கெட் சங்கத் தலைவரான அவர் உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டுக்குக் கை தூக்கியது ஏவிஸுக்கு நினைவு வந்தது. ஆனாலும் அவள் எழுந்து, அடுத்திருந்த சமையலறைக்குப் போய், எல்லோருக்கும் டீக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் இரைச்சலில் உள்ளே பேசியது எதுவும் கேட்கவில்லை.

சற்றுநேரத்தில் பெரில் வந்து கதவோரம் நின்றாள்.

"மூணுக்கு மூணு சமமாயிடுச்சு. சமமானா தலைவருக்கு ரெண்டாவது ஓட்டு உண்டே, அதை அவர் பஸ்ஸுக்கு எதிராப் போட்டுட்டார்."

ஏவிஸ் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

"நீங்க வெளிய வந்திருக்கவே வேண்டாம் ஏவிஸ். பஸ்ல போறதெல்லாம் அந்த விதியில வராது."

"அதை அப்பவே சொல்லக்கூடாதா?"

"அவர் பேசிட்டிருந்தாரே," என்றாள் பெரில், தரையைப் பார்த்து.

பஸ் நின்ற வாரமே ரட்கின் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். "ஏறிக்கோ ஏவிஸ். நானும் அந்தப் பக்கம்தான் போறேன். நம்ம ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுப்போமா என்ன?"

நெட்டா சாப்பிட்டாக வேண்டும். ஏவிஸ் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவர் அந்த வருஷத்துக் கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவள் நன்றி சொன்னாள். அடுத்த வியாழனும் சொன்னாள். அவருக்கு வேறு வேலை வந்த வியாழக்கிழமைகளில் நெட்டா வாயை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாள்.