வெயில் ஜோசியம்

அழகு நிலையத்தில் வேலை செய்யும் அவளுக்கு அங்கே வரும் பெண்கள் வைத்த பெயர் வெயில் ஜோசியர். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தினமும் பஸ்ல வலது பக்க ஜன்னலோரம்தானே உக்கார்றீங்க?" என்பாள். வந்தவள் வாயைப் பிளப்பாள். கறுத்துவிட்டேனே என்று புலம்புகிறவர்களுக்கு வகுப்பே எடுப்பாள். "தோல் வேற என்னங்க பண்ணும்? உள்ள காயம் படக்கூடாதுன்னு அது பிடிக்கிற குடைதான் இந்தக் கறுப்பு." சொன்ன கையோடு அந்தக் குடையைப் பிடுங்க ஒரு பூச்சைக் குழைப்பாள். பிழைப்பு அப்படி.

அவள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஏசி அறை, ஷூ, கசங்காத சட்டை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். தங்கையைப் பெண் கேட்டு ஒரு கட்டட மேஸ்திரி வந்தபோது அந்தத் தலைக்கனம்தான் பேசியது. நல்ல பையன், தங்கைக்கும் பிடித்திருந்தது.

"வெயில்ல நின்னு காயுறவனுக்கு என் தங்கச்சியக் குடுக்க மாட்டேன். நாலு பேர் முன்னாடி எப்படித் தலை காட்டுறது?" என்று ஒரே போடாகப் போட்டாள். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு அக்கா சொல்தான் முடிவு. தங்கை உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மேஸ்திரி வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்.

அடுத்த கோடையில் வீட்டுக்காரருக்குத் திடீரென்று தோல்மேல் அக்கறை வந்தது. "வெயில்ல போனா கறுக்காம இருக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இத்தனை வருஷத்தில் தன் தொழிலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கிளம்புமுன்பே சன்ஸ்கிரீன் போட வேண்டும், கஞ்சத்தனம் கூடாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும், காதையும் பின்கழுத்தையும் விடக்கூடாது, முழுக்கைச் சட்டை, தொப்பி என்று கடகடவென்று ஒப்பித்தாள். "என்ன, இந்த வயசுல மாப்பிள்ளை வேஷமா?" என்று சீண்டவும் செய்தாள். அவர் சிரித்துவைத்தார். பாடத்தில் ஒன்றையும் விடாமல் கடைப்பிடித்தார். குதிகாலில் வெடிப்பு என்று சொல்லி வீட்டுக்குள்ளும் சாக்ஸோடு நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், புழுக்கத்தில் சாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் திரையை இழுக்க வந்தவள் அவர் பாதங்களைப் பார்த்தாள். கறுத்த பாதத்தின் குறுக்கே வெளுப்பாக இரண்டு பட்டைகள். செருப்பு வார் இருந்த இடம். ஷூ போட்டு ஏசி அறையில் உட்காருகிறவருக்குப் பாதத்தில் ஏது வெயில்? ஊரார் முகத்தையெல்லாம் படித்தவளுக்கு அப்போதுதான் சொந்த வீட்டு ஜோசியம் விளங்கியது.

"வெயில்ல எங்க நிக்கிறீங்க?" என்று எழுப்பிக் கேட்டாள்.

அவர் முதலில் கால்களை இழுத்துக்கொண்டார். "கம்பெனிய மூடிட்டாங்க. ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்துற இடத்துல டோக்கன் குடுக்கிறேன். தார்த் தரை. ஷூவுக்குள்ள கால் வெந்துபோகுது. அங்க போய்ச் செருப்பு மாத்திக்குவேன்."

"எப்ப இருந்து?"

"நீ பாடம் எடுத்தியே, அதுக்கு முந்தின வாரம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கேட்ட வாய் மூடுமுன்பே, அன்று மேஸ்திரியைப் பற்றித் தான் சொன்னது அவள் காதிலேயே கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெயிலுக்குப் பயந்து அவர் பூசவில்லை. அவளுக்குப் பயந்து பூசியிருக்கிறார், அவள் சொல்லிக்கொடுத்தபடியே. கறுத்துப்போக அவருக்கு வெட்கமில்லை. அவள் பார்த்துவிடுவாளே என்றுதான் வெட்கம்.

சன்ஸ்கிரீனை எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் அது எதற்கு என்றுகூடத் தோன்றவில்லை. "காலுக்கும் பூசணும்னு சொல்லிக் குடுக்க மறந்துட்டேங்க," என்று சொல்லிக்கொண்டே பாதத்தில் பூச ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சமையலறையில் தங்கை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம். 'இப்ப மாமாவும் வெயில்லதானே நிக்கிறார்'னு அவ கேட்டா நீ என்ன பதில் சொல்லுவ?"