ஓரத்திலேயே நின்ற நூற்புழுக்கள்

நான் ஆராயும் நெல் ரகத்தின் வேருக்கு வெளித்தோல் கெட்டி. நூற்புழுவால் அதைத் துளைத்து நடுவே போய்ச் சாறு உறிஞ்ச முடியாது என்பது என் வாதம். அது பொய்த்தால் எல்லாம் முதலிலிருந்து. புழுக்களை விட்டு வளர்த்த வேரை, புழுவைச் சிவப்பாக்கிக் காட்டும் சாயத்தில் காய்ச்சி நுண்ணோக்கியில் வைத்தேன். பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. ஆர்.கே.புரத்தில் வீட்டுவேலையை முடித்துவிட்டு என் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்திருந்த அம்மாவைப் பார்க்கச் சொன்னேன்.

"செவப்பா நூலு நூலா கெடக்குதுடா."

"நடுவுலயா, ஓரத்துலயா? ஜல்தி சொல்லும்மா!"

"இரு, பறக்காத. எல்லாம் ஓரத்துலயே முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல ஒண்ணுமில்ல."

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பாவம்டா, பட்டினியாவா செத்துச்சுங்க? ஒண்ணு ரெண்டையாச்சும் உள்ள விட்டிருக்கலாம்ல?"