காற்றுக்குக் கொஞ்சம் இடம்

பாக்கியம் டீச்சர் போய்விட்டார். காலை ஷிப்டுக்குக் கிளம்பிய பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "டீச்சருக்கு மூச்சு நின்னுடுச்சுங்க" என்றார். நான் நம்பவில்லை. நம் பள்ளியில் அறிவியல் எடுத்த அவருக்கு இளைப்பு வருவதும், இரண்டு நாளில் எழுந்து வந்து மணியடிக்குமுன் வகுப்பில் நிற்பதும் உடன் வேலை பார்த்த நாம் பார்க்காததா? ஓடிப்போய்ப் பார்த்தேன். நிஜம்தான். பாழாய்ப்போன நிஜம்.

சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்து வந்த குப்பம்மா போன கோடையில் அவருக்கு நத்தை கொண்டுவந்தாள். "சாறு வச்சுக் குடிங்க டீச்சர், இளைப்பு ஓடிப்பூடும்." மறுநாள் சமைக்கலாமென்று, குண்டான் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நத்தைகளைப் போட்டு, ஊர்ந்து போகாதபடி தட்டால் அழுத்தி மூடி, மேலே கல்லையும் வைத்தாள். விடிந்து பார்த்தால் அத்தனையும் செத்துக் கிடந்தன.

"தண்ணியில இருக்கறது தண்ணியிலயே சாவுமா?" என்று அவள் திகைத்தாள்.

"அதுக்குச் செவுளும் இருக்குது, நுரையீரலும் இருக்குது குப்பம்மா. அப்பப்ப மேல வந்து காத்து குடிக்கணும். வழிய அடைச்சுட்டோமே!" என்ற டீச்சர் அழுதுவிட்டார். "மூச்சு முட்டறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

அதன்பின் நத்தைச் சாற்றை அவர் தொடவே இல்லை. நான் கெஞ்சினேன். "குடித்துத்தான் தொலையுங்களேன்!" என்று கத்தவும் செய்தேன். எதைக் கொடுத்தாவது அவரைப் பிழைக்கவைக்க வேண்டுமென்ற வெறி எனக்கு.

குளம் வற்றி வெடித்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த நத்தை ஒன்றை டீச்சர் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் வைத்தார். செத்ததைத் தூக்கி எறியச் சொன்னார் தலைமையாசிரியர்.

"சாவலைங்க சார். உள்ள ஈரம் காயாம கதவ சாத்திக்கினு கெடக்குது. தண்ணி வந்தா தானா தொறக்கும்" என்றார் டீச்சர்.

அந்த நத்தை இப்போது என்னிடம் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று ஒரு சட்டியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அதை உள்ளே விட்டேன். வெகுநேரம் கழித்து ஓட்டின் மூடி அசைந்தது. சதையைக் குழாயாகச் சுருட்டி மேலே நீட்டிக் காற்றை இழுத்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு மட்டும் மூச்சுக்கு இரண்டு வழி, என் டீச்சருக்கு ஒன்றுகூட இல்லையா என்று வாய்விட்டே கேட்டேன்.

பிறகு, சட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினேன். சட்டியை மூடவில்லை.