ஜீப் மேல் அடைந்த கோழிகள்

கோழி அடையும் நேரத்துக்கு எங்கள் பூம்பாறையில் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. பனி இறங்கும், கோழி ஏறும், அவ்வளவுதான். ஆனால் எதன்மேல் ஏறுவது என்பது எங்கள் வீட்டில் ஒரு சமயம் பெரிய வழக்காகிவிட்டது.

சித்தப்பாவுக்குக் கல்யாணமான புதிது, நான் சின்னப் பிள்ளை. சித்திக்கு மலைக்குக் கீழே ஆயக்குடிப் பக்கம், கொய்யாத் தோப்பும் வெயிலுமான ஊர். மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அவருடைய அம்மா ஒரு சேவலையும் சில பெட்டைகளையும் கூடையில் போட்டு மூடிக் கொடுத்தனுப்பினார். கூடை சித்தப்பா பூண்டு ஏற்றும் ஜீப்பில், மேல் கேரியரில் உட்கார்ந்து அத்தனை வளைவும் ஏறி வந்தது.

"எலி வளையானாலும் தனி வளை வேணும் மதினி" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சித்தப்பா பிளம்ஸ் பெட்டிப் பலகைகளை வைத்துக் கூடு அடித்தார். புது மனைவியின் கோழிகளுக்குக் குளிரக் கூடாதே! சந்து பொந்தெல்லாம் மண் குழைத்து அடைத்தார். மேலே தார்ப்பாய், தரையில் வைக்கோல் மெத்தை. ஒரு மாப்பிள்ளை தூங்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தது. கோழி ஏறி உட்கார ஒரு கம்பு மட்டும் இல்லை.

கோழிகள் உள்ளே எட்டிப் பார்த்தன. பிறகு ஜீப்பின் பானட்டுக்குத் தாவி, அங்கிருந்து கூரைக்குத் தாவி, கேரியரின் குறுக்குக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. இறக்கிக் கூட்டில் விட்டால், காலையில் உள்ளே மூச்சு வேர்த்துப் பலகை சொட்டும், கோழிகள் தும்மும். சாயங்காலம் மறுபடியும் ஜீப்.

"இந்தாங்க கொழுந்தனாரே, இப்பிடி வெளிய கெடந்தா மரநாய்க்குத்தான் விருந்து. அதுக்கு முந்தி நாமளே குழம்பு வச்சிருவோம்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம், சித்தியைத் தவிர. பிறந்த வீட்டிலிருந்து அவரோடு மலையேறி வந்த உயிர்கள் அவை மட்டும்தான்.

ஒரு நாள் கண் தெரியாத மூடுபனி. கோழிகளை இறக்க யாரும் போகவில்லை. மறுநாள் வெள்ளனே, பூண்டெடுக்க ஆள் கூட்டிவரச் சித்தப்பா பள்ளங்கிக்குக் கிளம்பினார், மேலே பார்க்கவில்லை. கோழியோ உட்கார்ந்தால் விரல் தானாகப் பூட்டிக்கொள்ளும் சாதி. இருட்டில் அசையாது.

விடிந்ததும் காலி முற்றத்தைப் பார்த்துச் சித்தி உட்கார்ந்துவிட்டார். "மரநாய் கொண்டு போயிருச்சு அக்கா, ஒண்ணுகூட இல்ல" என்று அழுதார். குழம்புப் பேச்சுப் பேசிய அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜீப் திரும்பி வந்தது. உள்ளே ஆட்கள், மேலே கோழிகள். சேவல் கூவிக்கொண்டே வந்தது.

"பள்ளங்கி டீக்கடையில மானம் போச்சு மதினி! 'ஏலே, ஒன் வண்டியில கோழிக்கு டிக்கெட் உண்டா, ஓசியா'ன்னு கேக்குறானுக" என்றார் சித்தப்பா.

அன்றைக்கே கேரியரின் குறுக்குக் கட்டையைக் கழற்றிக் கூட்டுக்குள் உயரத்தில் பூட்டினார். விரல்களை நெஞ்சுச் சிறகால் மூடி உட்காரத் தோதான அகலக் கட்டை. கூரையடியில் அடைத்த மண்ணைக் குத்திக் காற்றுக்கு வழியும் விட்டார்.

"கொஞ்ச நாளைக்கு வெளிய விடாதீங்க. அடைச்சு வச்சாத்தான் எடம் படியும்" என்றார் அம்மா.

கூட்டுக் கதவருகில் குந்தியிருந்த சித்தி கேட்டார்: "படிஞ்சிருமா அக்கா?"

"படியும்டி. மொதல்ல வந்த வழியவே பாத்துக்கிட்டு நிக்கும். தீனி எறங்காது. அப்புறம் ஒரு நா அதுவாவே ஏறி ஒக்காந்துக்கிடும்."

"பழைய எடத்த மறந்துருமா?"

"மறக்காது. நானும் கீழ வத்தலக்குண்டுல இருந்து வந்தவதானே."

கோழிப் பேச்சில் வத்தலக்குண்டு எதற்கு வந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

திறந்துவிட்ட அன்று சாயங்காலம் கோழிகள் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றின. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு சேவல் கழுத்தைத் திருப்பிக் கூட்டுக்குள் நடந்தது; பெட்டைகள் பின்னாலேயே போய்க் கட்டையில் ஏறின. நாங்கள் கைதட்டினோம். சித்தியின் கண்ணில் நீர் வழிந்தது. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் மஃப்ளரை எடுத்து வந்து நீட்டினேன்.

"குளிருதா சித்தி?"

"ஆமா பாப்பா, ரொம்பக் குளிரு" என்று சொல்லி, அதை வாங்கிக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

வந்த காரியம் முடிந்ததென்று நான் விளையாடப் போய்விட்டேன்.