மகள் பிழையின்றி வாசித்த நாட்கள்

அந்த டீச்சர் பிழைகளைக் கூட்டி எழுதுகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. டிஸ்லெக்சியா, எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பது அவளுக்குப் பெரும்பாடு. திங்களும் வியாழனும் சிதம்பரத்தில் அந்த டீச்சரிடம் வாசிப்புப் பயிற்சி. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் எத்தனை சொற்களில் தடுமாறினாள் என்று ஒரு தாளில் எழுதித் தருவார். நானும் வீட்டில் தேதி போட்டுக் குறித்து வைப்பவன். செவ்வாய், பிழை இல்லை. புதன், பிழை இல்லை. அதே பாடத்துக்கு அவருடைய வியாழக்கிழமைத் தாளில் பதினான்கு பிழைகள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடலூரில் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் தரும் சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு? வேண்டாமென்று பள்ளிக்குக் கடிதமே எழுதிவிட்டேன். கொடுக்கும் முன் டீச்சரைக் கையும் களவுமாகப் பிடிக்க, வியாழக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, போலீஸ் மாதிரி பாக்காத. வர்றதும் வராது."

டீச்சர் பாடத்தின் வரிகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டி வைத்திருந்தார். கலைத்து, ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது ஐந்தாவது வரி. மகள் அதைப் பார்த்தபடியே முதல் வரியைக் கணீரென்று சொன்னாள்.

"சீட்டக் கலைச்சிட்டா யாருக்குத்தாங்க வரும்?" என்றேன்.

"படிக்கத் தெரிஞ்சா எந்த வரி வந்தா என்ன சார்? வீட்ல நீங்க மொதல்ல வாசிச்சுக் காட்டுவீங்களோ?"

"ஒரே ஒரு தடவ. உச்சரிப்புக்காக."

"ஒரு தடவையா? மூணு தடவ, டீச்சர்! ஏத்த இறக்கத்தோட, நியூஸ் வாசிக்கிற மாதிரி," என்று மகள் சிரித்தாள்.

"நீ ஏம்மா சொல்லல?" என்றேன்.

"பிழை இல்லன்னு எழுதறப்ப உனக்கு அவ்ளோ சந்தோஷம். நான் எதுக்குக் கெடுக்கணும்?"

கடிதத்தை அன்றே கிழித்தேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கடலூர் போய்ச் சேரும்வரை மனம் அடங்கவில்லை. டீச்சர் எண்ணியதில் ஒன்றிரண்டாவது கூடுதலாக இருக்காதா?

மருத்துவர் அவள் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தை முன்னால் வைத்தார். அவள் அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள், நான் தொடங்குவேன் என்று. என் வாயும் திறந்துவிட்டது.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்," என்றார் மருத்துவர்.

எழுந்து வெளியே போனேன்.